ஸ்கேல் மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு விழாவில் நாங்கள் நால்வர் கிதார் வாசித்ததை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலர் கேட்டிருப்பீர்கள். பாட்டின் நடுவே தனி வாசிப்புக்கென்று பதினாறு பார் கொடுத்திருந்தார்கள். பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட சிறு கட்டம். ஜாஸ் குழுக்களில் செய்வதுபோல ஆளுக்கு நான்கு பாராகப் பிரித்துக்கொண்டோம். அந்த இடத்தில் எழுதி வைத்ததை வாசிக்கக் கூடாது. அப்போதே நினைத்து வாசிக்க வேண்டும். அதற்காக மூன்று மாதம் ஸ்கேல் சாதகம் செய்திருந்தோம்.

மேடையில் என்ன நடந்தது? விரல்கள் கீழிருந்து மேலே ஓடின. மேலிருந்து கீழே ஓடின. மறுபடியும் மேலே ஓடின. பாடுகிறவள் அடுத்த அடியைத் தொடங்கிவிட்டாள். நாங்கள் பாதி வழியில் நின்றோம். கைதட்டல் கிடைத்தது உண்மைதான். ஆனால் எங்களுள் ஒருத்தியின் பாட்டி, இளமையில் முறையாகப் பாட்டுக் கற்றவர், மேடவாக்கம் கூட்டு ரோட்டிலிருந்து வீடு திரும்பும் ஆட்டோவில் சொன்னார்: "மாடிப்படி ஏறி ஏறி எறங்குனீங்களே கண்ணு, ஒருத்தியும் வீட்டுக்குள்ள போகவே இல்லியே!"

இக்கட்டுரைக்குக் காரணம் அந்தப் பேச்சுதான். ஸ்கேல் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதைக் கற்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.

கிதார் அறியாத அன்னையர்க்காக ஒரு விளக்கம். ஸ்கேல் என்பது ஏறக்குறைய நம் ஆரோகண அவரோகணம் போன்றது. மேஜர் ஸ்கேலின் சுரங்களே சங்கராபரணத்தின் சுரங்கள். ஜாஸ் கலைஞர் மிகுதியாகக் கையாளும் டோரியன், நமது கரஹரப்பிரியா. மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி, லிடியன் கல்யாணி. ஜாஸில் வழங்கும் மெலோடிக் மைனர் கௌரிமனோகரி. ஐந்து சுரமுள்ள மேஜர் பென்டடானிக் மோகனம். ஆனால் கரஹரப்பிரியாவின் ஏழு சுரங்களை வரிசையாகச் சொல்லிவிட்டால் அது கரஹரப்பிரியா ஆகிவிடாது என்பது பாட்டு வகுப்புக்குப் போகும் சிறுமிக்கும் தெரியும். அது கிதார் பிடிக்கும் எங்களுக்கு மட்டும் எப்படி மறந்துபோயிற்று?

கிதாரின் அமைப்பும் ஒரு காரணம். பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான். கிதாரிலோ முதல் தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் அதே ஈ, இரண்டாம் தந்தியில் ஐந்தாம் மெட்டிலும், மூன்றாம் தந்தியில் ஒன்பதாம் மெட்டிலும், நான்காம் தந்தியில் பதினான்காம் மெட்டிலும் கிடைக்கும். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே விரல் வைக்க வேண்டிய இடங்களைப் புள்ளிகளாக அச்சடித்த படங்களை எங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நாங்களும் கண்ணால் மனப்பாடம் செய்கிறோம். மார்கழியில் வாசலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டால் அம்மா விடுவார்களா?

நிற்க. பாட்டி சொன்ன 'வீடு' எங்கே இருக்கிறது என்று தேடியபோது கிடைத்ததைச் சொல்கிறோம். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கார்டு என்பர். ஜாஸ் பாட்டுகளில் அடிக்கடி வரும் வரிசை டி மைனர் ஏழு, ஜி ஏழு, சி மேஜர் ஏழு. மூன்றுக்கும் சி மேஜர் ஸ்கேலே பொருந்தும் என்று பாடம் சொல்லும். அது சரிதான். ஆனால் எல்லாச் சுரமும் எல்லா இடத்திலும் நிற்பதற்கு ஏற்றதல்ல. டி மைனர் ஏழில் உள்ள சி என்னும் சுரம், ஜி ஏழு வந்ததும் ஒரே ஒரு மெட்டு இறங்கிப் பி ஆகிறது. ஜி ஏழில் உள்ள எஃப், அடுத்த கார்டு வந்ததும் ஒரு மெட்டு இறங்கி ஈ ஆகிறது. இந்த இறக்கங்களை மட்டும் மெதுவாக வாசித்துப் பார்த்தோம். கார்டு மீட்ட ஆள் இல்லாமலே கார்டு மாறுவது காதில் கேட்டது! மூன்று மாத ஓட்டத்தில் கிடைக்காதது ஒரு மாலையில் கிடைத்தது.

1959-இல் மைல்ஸ் டேவிஸ் குழுவினர் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டின் முதல் பாட்டைத் தோழியர் தேடிக் கேட்க வேண்டும். 'ஸோ வாட்' என்று பெயர். பதினாறு பார் டி டோரியன், எட்டு பார் அதற்கு அரைச் சுரம் மேலே ஈ ஃபிளாட் டோரியன், மறுபடி எட்டு பார் டி டோரியன். இவ்வளவே அதன் அமைப்பு. ஸ்கேல் என்று பார்த்தால் ஒரே நாளில் கற்றுவிடலாம். டேவிஸின் எக்காளமோ அதில் சுரங்களைக் கொட்டவில்லை. விட்டு விட்டுப் பேசுகிறது. எங்களுக்கு அந்த மௌனத்தைப் பழகத்தான் நாள் பிடிக்கிறது.

பெரிய கிதார் கலைஞர் பலர் காதால் கற்றவர்கள். வெஸ் மான்ட்கோமரிக்குச் சுரக்குறிப்பு படிக்கத் தெரியாது. சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய தனி வாசிப்புகளைக் கைக்குக் கொண்டுவந்தார். மேரி ஆஸ்போர்ன் என்ற பெண்மணியும் கிறிஸ்டியனை நேரில் கேட்ட பிறகே மின் கிதாருக்கு மாறினார். ஜார்ஜ் பென்சன் தாம் வாசிப்பதைக் கூடவே பாடுவார். இந்தக் கடைசி வழக்கம் நமக்குப் புதிதன்று. எங்களுள் வீணை கற்கும் ஒருத்தி உண்டு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை வாயால் பாடாமல் அவளுடைய டீச்சர் வீணையைத் தொட விடுவதில்லை. கற்பனாஸ்வரம் பாடும்போது எவ்வளவு தூரம் போனாலும் பாட்டின் எடுப்புக்குச் சரியாக வந்து சேர வேண்டும். ஆண்டு விழாவில் நாங்கள் கோட்டைவிட்டது அந்த இடத்தைத்தான்.

ஜான் மெக்லாக்லின் ஆங்கிலேயர். ஜாஸ் கிதாரில் புகழ் பெற்ற பின்னும் அமெரிக்காவில் நம் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவை நடத்தினார். தந்தியை வீணைபோல அழுத்தி இழுப்பதற்காக மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த கிதாரை வைத்துக்கொண்டார். அத்தனை ஸ்கேலும் விரலில் இருந்தவருக்கே, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அந்தச் 'சக்தி' குழு 2024-இல் கிராமி விருது பெற்றது.

"கிளப்பில் வாசிக்கும் இசை, கோயிலில் வாசிக்கும் பெண்களுக்கு எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கிறீர்கள். மேரி லூ வில்லியம்ஸ் ஜாஸ் பியானோவில் பேர்பெற்றவர். கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, ஜாஸில் திருப்பலி இசை அமைத்தார். 1975-இல் அது நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்திலேயே ஒலித்தது. இதற்கு மேல் நாங்கள் வாதாடப் போவதில்லை.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது. "இது பத்தாம் வகுப்பு, கிதாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளு." நால்வர் வீட்டிலும் இதே உத்தரவு. அரைமணி நேரம் ஸ்கேல் ஓட்டுவதற்குத் தடை என்றால் நாங்களே சம்மதிக்கிறோம். ஒப்பிப்பது பகலெல்லாம் நடக்கிறது, போதும். பதினைந்து நிமிடம் மட்டும் கேட்கிறோம். அதில் ஒரு கார்டு, மூன்று சுரம், முதலில் வாயால், பிறகு விரலால். ஒரு கேள்விக்குப் பதிலைச் சொந்த வார்த்தையில் எழுதப் பழகும் நேரம் எங்களுக்கு அது ஒன்றுதான் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிப் பார்த்தோம். இரண்டு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் உறை அவிழ்ந்தது.

சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி பதினொன்றரைக்கு முடிகிறது. ஆனால் இசை அறை பன்னிரண்டுக்குத்தான் பூட்டப்படுகிறது. அந்த அரை மணியை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். ஒருத்தி கார்டு மீட்டுவாள், ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் விரலில் பார் எண்ணுவார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று பேர் ஏற்கனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். பூட்டுகிற பொறுப்பையும் நாங்களே ஏற்கிறோம். பன்னிரண்டு அடிக்கும்போது சாவி அலுவலக மேசைக்கு வந்துவிடும்.