தெளிந்த நீரும் சின்ன மீனும்



சுத்திகரித்த கழிவுநீர் ஆற்றிலும் ஏரியிலும் கலந்தபின் அங்கே வாழும் சிற்றுயிர்களுக்கு என்ன நேர்கிறது? இந்த மாத அட்டைப்படக் கட்டுரை அதைத்தான் பேசுகிறது. அதைப் படித்ததிலிருந்து கனடாவின் ஓர் ஏரியே என் நினைவில் நிற்கிறது.

ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் ஆய்வுக்கென்றே 1968 முதல் ஒதுக்கிவைத்த ஏரிகளில் ஒன்று அது. எண் 260. 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், கேரன் கிட் தலைமையிலான ஆய்வாளர்கள் கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை அதில் கலந்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஐந்தாறு பங்கு. நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீரில் காணக்கூடிய அளவுதான்.

அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரல்நீள மீன் உண்டு. அதில் முட்டைக்குக் காவல் ஆண்தான். மூழ்கிய கட்டையின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளைத் தன் முதுகின் மெத்தென்ற சதையால் தடவித் தடவிச் சுத்தம் செய்யும். அப்படிப்பட்ட ஆண்களின் உடம்பில் முட்டைக் கருவுக்கான புரதம் சுரந்தது. சிலவற்றின் விந்தகத்திலேயே முட்டைகள் தோன்றின. குஞ்சுகளின் வரத்து நின்றது. ஆயுளே சில ஆண்டுகள்தான் என்பதால் அந்த இனம் ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. அதை இரையாகக் கொண்ட பெரிய ட்ரவுட் மீன்களும் நலிந்தன.

பாக்டீரியாக்களைக் கொண்டு மலத்தையும் அழுக்கையும் சிதைப்பதற்காகக் கட்டியவை நம் சுத்திகரிப்பு நிலையங்கள். கழிவுநீரோடு வரும் மருந்தின் மிச்சம் முழுவதையும் அவற்றால் பிடிக்க முடியாது. ஆனால் வழி இருக்கிறது. ஓசோன் செலுத்தியோ கிளர்வுற்ற கரியில் வடிகட்டியோ அதைப் பெருமளவு நீக்கலாம். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் இதற்குச் சட்டமே நடப்பில் உள்ளது. அதற்கான கட்டணம், ஆளுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 பிராங்க்.

நம்பிக்கை தரும் செய்தியும் அந்த ஏரியிலிருந்தே வருகிறது. மருந்து கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோக்கள் மீண்டும் பெருகின. நாம் கையை எடுத்தால் நீர்நிலை தானே தேறிக்கொள்ளக்கூடும். ஆகவே, மிஞ்சிய மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். உங்கள் ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வருகிறதென்றால், மருந்து மிச்சத்தை நீக்கவும் அதில் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். கேட்டு வந்த பதிலை எங்களுக்கும் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்