‘ஹட்டன்னு சொல்லு, தோட்டம்னு சொல்லாத’

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு என்று யார் யாருக்கு எந்தக் கெம்பஸ் என்பது தெரிந்ததும் மலையகத்தில் ஒரு இலவச வகுப்பு தொடங்கிவிடும். வட்டவளையிலும் இதே கதைதான். டியூஷன் சேர், போன வருஷம் கெம்பஸ் போன அக்கா, கொழும்பில் வேலை செய்யும் மாமா என்று எல்லாருமே அதில் வாத்தியார்கள். பாடம் ஒன்றே ஒன்று: முதல் கிழமையில் சீனியர் அக்காமாரிடம் எப்படிப் பேசி நல்ல பெயர் வாங்குவது.

“பணிவா பேசு. சிரிச்ச மூஞ்சியா இரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தோட்டம்னு சொல்லாத, ஹட்டன்னு சொல்லு. அப்பா என்ன செய்றாருன்னு கேட்டா கம்பெனியில வேலைன்னு சொல்லிரு. ‘ஆமா’ன்னு சொல்லாத, ‘ஓம்’னு சொல்லு. ‘பேசுறோம்’னு சொல்லாத, ‘கதைக்கிறம்’னு சொல்லு.”

இந்த வகுப்பை இழுத்து மூட வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. பாடம் எடுக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை அங்கே போய் அழக்கூடாது என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இத்தனை வருஷமாக இந்த அக்கறை என்ன செய்திருக்கிறது? கேள்வி கேட்கிறவளை ஒரு வார்த்தை கேட்காமல், பதில் சொல்ல வேண்டியவளின் நாக்கை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறது.

விடுதியில் நடக்கும் அந்த முதல் பேச்சை யோசித்துப் பாருங்கள். பேர் என்ன? எந்த ஸ்கூல்? எந்த ஊர்? ஹட்டனா, ஹட்டன்ல எங்க? வட்டவளையா, டவுனா தோட்டமா? அப்பா என்ன செய்றார்? அம்மா? ஐந்தாறு கேள்விக்குள் ஆளை அளந்துவிடுவார்கள். யாழ்ப்பாணப் பக்கத்தில் “எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி” என்று கேட்டுக்கொண்டே போய் சாதியைக் கண்டுபிடிக்கிற பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம்மிடம் அதே கேள்வி லயத்தைத் தேடி வருகிறது. சிங்களத்தில் “கம கொஹெத” என்று கேட்டாலும் அதே சிக்கல். நம் ஆட்களுக்கு எங்கே இருந்தது ‘கம’? வீட்டுக்குத் தனி விலாசம் இல்லாமல், கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து அங்கிருந்து பிரிந்து போகிற லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜனம் நாம். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அது முழுசாகத் திரும்பி வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் காத்திருந்தோம். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளையிடம் “எந்த ஊர்” என்று கேட்டால், அது வெறும் விசாரிப்பாக அவள் காதில் விழாது.

அதனால்தான் பிள்ளைகள் ஹட்டன் என்கிறார்கள். கண்டி என்று சொன்னவர்களும் உண்டு. வட்டவளை ரயில்வே ஸ்டேஷன் கொழும்பு-பதுளைப் பாதையில் இருக்கிறது. நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் வட்டவளையும் ஒன்று. அந்தப் பெயர் போட்ட தேயிலைப் பக்கட் கடை கடையாகக் கிடைக்கிறது. பக்கட்டில் வட்டவளை என்று அச்சடிக்க யாருக்கும் வெட்கமில்லை. அந்தக் கொழுந்தை எடுத்த அம்மாவின் மகள்தான் ஊர்ப் பெயரை விழுங்க வேண்டியிருக்கிறது.

சரி, நன்றாகப் பேசினால் ஏற்றுக்கொள்வார்களா? அமெரிக்காவில் இதையே ஒரு சடங்காக நடத்துகிறார்கள். அங்கே பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு ‘சொரோரிட்டி’ என்று சகோதரிச் சங்கங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில், பெண்கள் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த காலத்தில், ஒருவருக்கொருவர் துணையாக அவர்களே தொடங்கியவை. இன்று சேர விரும்புகிற புது மாணவிகள் சங்க வீடுகளுக்கு நாள் கணக்கில் வரிசையாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம் நின்று பேசி மனசைக் கவர வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் பிறகு கூடி யார் வேண்டும், யார் வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். அந்தப் பேச்சுக்கும் அறிவுரை உண்டு: காதல், குடி, காசு, மதம், அரசியல் பற்றி வாயைத் திறக்காதே. பல்லைக் காட்டு. ஆர்வமாகக் கேள்.

அந்தப் பேச்சின் யோக்கியதை 2013இல் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் வெளுத்தது. நல்ல பெறுபேறும் குடும்பப் பின்னணியும் உள்ள கறுப்பின மாணவி ஒருவரை வெள்ளையர் சங்கங்கள் சேர்க்காமல் விட்டதை மாணவர் பத்திரிகையான ‘கிரிம்சன் வைட்’ வெளிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த மாணவிகள் சிலருக்கு அவரைச் சேர்க்க விருப்பம் இருந்தும், பழைய மாணவிகள் தலையிட்டுத் தடுத்தார்கள் என்று சங்கத்துக்குள்ளிருந்தே சொன்னார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் நிறவேறுபாட்டை உடைத்துக் கறுப்பின மாணவர்கள் நுழைந்தது 1963இல். அதற்கு ஐம்பது வருஷம் கழித்து இது நடக்கிறது. செய்தி வெளியே வந்து, ஊர் சிரித்து, நிர்வாகம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. அந்தப் பிள்ளை பேசிய விதத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் இன்னும் இனிமையாகப் பேசியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது, ஏனென்றால் அது அவர் வாயைத் திறப்பதற்கு முன்னமே எடுத்த முடிவு.

நம் வகுப்பு வாத்தியார்களுக்குப் புரியாத இடம் இதுதான். தோட்டம் என்று கேட்டதும் மூஞ்சியைச் சுளிக்கிற ஒருத்தி, நீ ‘ஓம்’ போட்டுக் கதைத்ததற்காகத் திருந்தப் போவதில்லை. இரண்டு கிழமை கழித்து உன் வீட்டிலிருந்து போன் வரும். “ஆமாம்மா, சாப்பிட்டேன்மா” என்று நீ சொல்வது அடுத்த கட்டிலுக்குக் கேட்கும். அதற்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளை என்ற பெயரோடு பொய் சொன்னவள் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அது போதாதென்று, அம்மா விடுதிக்குப் பார்க்க வருகிறேன் என்றால் வேண்டாம் என்று தடுக்கிற நிலைமை வரும். நல்ல பெயருக்கு நாம் கொடுக்கிற விலை அது. எந்த அம்மாவுக்கும் அந்த விலை தெரிவதில்லை.

“கோட்டாவில வந்தவ” என்ற குத்தலுக்கும் இதே வகுப்பில் பயிற்சி உண்டு: கேட்டும் கேளாத மாதிரி இரு. ஏன் இருக்க வேண்டும்? கணக்கு எல்லாருக்கும் பொதுவானது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதியில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கியவை என்று அடையாளமிட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அதில் ஒன்று. கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை எல்லாமே அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. அங்கிருந்து வந்த ஒருத்தி நம்மைப் பார்த்து கோட்டா என்றால், தான் ஏறி வந்த பஸ்ஸையே திட்டுகிறாள் என்று அர்த்தம். இதைச் சிரித்த முகத்தோடே சொல்லலாம். சண்டை வேண்டியதில்லை.

இனி எதிர்த்தரப்பு. நியாயமான கேள்விதான், தட்டிக்கழிக்க முடியாது: “எல்லாம் சரி, ஆனா அந்த அக்காமார் பகைச்சா நோட்ஸ் யார் தருவா? குப்பி வகுப்பு யார் எடுப்பா? ஹொஸ்டல்ல ஒரு வருஷம் ஒதுக்கி வச்சா புள்ள என்ன செய்யும்?” இந்தப் பயம் கற்பனை இல்லை. ஆங்கில மொழிமூலம் ஒன்றும் புரியாமல் முதல் வருஷத்தில் தவிக்கிற பிள்ளைக்குச் சீனியர் எடுக்கிற குப்பி உயிர்காப்பு மாதிரி. டியூஷனுக்குக் காசு இல்லாத நம் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஆனால் அந்த உதவியை ஒரு பெண்ணின் பணிவுக்கு ஈடாக வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? இலவசக் கல்வியில் படித்த ஒருத்தி, இலவசமாகத் தனக்குக் கிடைத்த நோட்ஸை, தலையைக் குனிந்தால்தான் தருவேன் என்கிறாள். கங்காணி பேர் போட்டால்தான் வேலை என்று நம் பாட்டன்மார் பெரட்டுக் களத்தில் கைகட்டி நின்ற அதே முறை இது. தோட்டத்தில் அதை எதிர்த்துச் சங்கம் கட்டிய ஜனத்தின் பிள்ளைகள் கெம்பஸில் அதற்குப் பழக்கம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் சும்மா பேச்சுத்தானே, யாரையும் அடிக்கிறார்களா என்று கேட்பவர்களும் உண்டு. பகிடிவதை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பகிடி சீனியருக்கு, வதை புதியவருக்கு. 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து, வாழ்நாள் முழுக்க முடமாகிப்போன ரூபா ரத்னசீலி ஒரு புது மாணவி. 1997இல் கடுமையான உடற்பயிற்சி செய்ய வைத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்த வரப்பிரகாஷ் பேராதனைப் பொறியியல் பீடத்தின் புது மாணவர். எல்லாப் பேச்சும் அங்கே போய் முடியாது. ஆனால் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற பழக்கம் இல்லாமல் அங்கே போகவும் முடியாது. முதல் நாள் “அப்பா என்ன செய்றார்” என்ற கேள்விக்குப் பயந்தவள், அடுத்த நாள் “முட்டி போடு” என்பதற்கும் பயப்படுவாள்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் உடம்புக் காயத்தை மட்டும் பேசவில்லை. உளக் காயம், மன வேதனை, பயம் ஏற்படுத்துகிற, ஏற்படுத்தக்கூடிய செயலும் பகிடிவதைதான் என்கிறது. இரண்டு வருஷம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருஷம் வரை. நம் இலவச வகுப்பில் ‘ஓம்’ சொல்லித் தருகிறார்கள். இந்தச் சட்டத்தை ஏன் சொல்லித் தருவதில்லை?

இங்கே நம் சொந்த ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தார், சிங்களவர் என்று அடுத்தவரைக் காட்டித் தப்பிக்க முடியாது. முதல் கிழமையில் மலையகப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு “எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்” என்று கேட்டு, அதில் ஆளையும் சாதியையும் எடை போட்டு, “அக்காமாருக்கு மரியாத தெரியுமா” என்று நிற்க வைப்பது நம் மலையக சீனியர்களும்தான். கேட்டால் “நாங்களும் வாங்கினோம், அதாலதான் ஒத்துமையா இருக்கோம்” என்பார்கள். பட்ட அடியை அடுத்தவளுக்குக் கைமாற்றுவது எப்படி ஒற்றுமையாகும்? 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, தன் விடுதிக்கு வருகிற தோட்டத்துத் தங்கச்சியை வாசலில் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

ஆகவே அக்காமாரே, நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. உள்ளே இருப்பது நீங்கள், கதவு உங்கள் கையில். அவள் பெட்டியோடு வந்து நிற்கும்போது முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள், உங்கள் ஊரைச் சொல்லுங்கள். தண்ணி எங்க, கன்டீன் எத்தனை மணிக்கு, பர்சரி விண்ணப்பம் எந்த ஆபிசில், ஹிந்தகல பஸ் எங்க நிற்கும், இதெல்லாம்தான் முதல் நாள் பேச்சு. அப்பாவின் தொழில் அவளாகச் சொல்கிற நாளில் தெரிந்தால் போதும். குப்பியை எல்லாருக்கும் திறந்து வையுங்கள், பட்டியல் பார்த்து அழைக்காதீர்கள்.

தங்கச்சி, உனக்கும் ஒன்று. பணிவு கெட்டதில்லை. எல்லாரிடமும் மரியாதையாகப் பேசு. ஆனால் மரியாதை வேறு, மறைப்பு வேறு. வட்டவளை என்றே சொல். தோட்டத்தின் பேரையும் சொல். அம்மா கொழுந்து எடுக்கிறா என்று சொல். சொல்ல விருப்பமில்லாத நாளில் “அதைப் பிறகு பேசலாம் அக்கா, நீங்க எந்த ஊர்?” என்று திருப்பிக் கேள். கேள்வி கேட்கிற உரிமை உனக்கும் இருக்கிறது. அப்படிக் கேட்டதும் விலகிப் போகிறவள் எப்படியும் உனக்கு உதவியிருக்க மாட்டாள். நின்று பதில் சொல்கிறவளைச் சிநேகிதியாக வைத்துக்கொள்.

மிரட்டினால் யார், எங்கே, எத்தனை மணி என்று எழுதி வை. வீட்டில் சொல், விடுதிப் பொறுப்பாளரிடம் சொல், பொலிசில் சொல். சொல்வது துரோகமில்லை.

அடுத்த வெட்டுப்புள்ளி வந்ததும் டியூஷன் சேர்மாரும் மாமாமாரும் மறுபடி வகுப்பைத் தொடங்குவார்கள். இந்த முறை பாடத்தை மாற்றுங்கள். எதை மறைக்க வேண்டும் என்பதற்குப் பதிலாக, எங்கே முறையிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.