விளைவித்தவர் பங்கு

மாணவர்களே! சாக்லேட்டின் சுவையை அறியாதவர் உங்களுள் எவரும் இரார். அதன் மூலப்பொருளாகிய கோகோ விதையை விளைவிப்பவர் யார், அவருக்குக் கிடைப்பது என்ன என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே இருப்பர். உலகம் இத்துணைப் பொருள் ஈட்டியும் வறுமை ஏன் நீங்கவில்லை என்னும் பெரிய வினாவிற்கு, இச்சிறிய விதையைக் கொண்டே விடை காண முயல்வோம்.

தோட்டமும் தொழிற்சாலையும்

உலகில் விளையும் கோகோவில் பாதிக்கும் மேற்பட்டது மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அதனை விளைவிப்போருள் பெரும்பாலோர் சில ஏக்கர் நிலமே உடைய சிறு உழவர்கள். புர்கினா ஃபாசோ போன்ற அண்டை நாடுகளிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்களும் அத்தோட்டங்களில் உழைக்கின்றனர். பழங்களைப் பறித்து உடைத்து, விதைகளை வாழையிலையால் மூடிப் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி மூட்டையாக்குவது இவர்களுடைய பணி. அவ்விதைகளை வறுத்து, அரைத்து, சாக்லேட்டாக்கி விற்பது பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நிறுவனங்களின் தொழில். விதையின் உலக விலையோ லண்டன், நியூயார்க் நகரச் சந்தைகளில் முடிவாகிறது.

சாக்லேட்டுக்கு நாம் கொடுக்கும் 100 ரூபாயில் கோகோ உழவரைச் சேர்வது ஏறத்தாழ 6 அல்லது 7 ரூபாய் என்று கணக்கிடப்பட்டுள்ளது. வருவாய் குறைந்த வீட்டில் கூலிக்கு ஆள் வைக்க இயலாது. பிள்ளைகளே வேலைக்கு இறங்குகின்றனர். அவ்விரு நாடுகளின் கோகோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15.6 லட்சம் சிறுவர் சிறுமியர் குழந்தைத் தொழிலாளராக இருந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. உங்கள் வயதினர் கையில் புத்தகம் இருக்க வேண்டிய நேரத்தில் அரிவாள் இருக்கிறது.

விலை உயர்ந்தால் போதுமா?

உலகச் சந்தையில் விலை உயர்ந்தால் உழவர் வாழ்வும் தானே உயரும் என்பர் சிலர். 2024ஆம் ஆண்டில் ஒரு டன் கோகோவின் விலை 10,000 டாலரைத் தாண்டியது. ஆனால் மழையின் மாறுபாட்டாலும் மரநோயாலும் விளைச்சல் குறைந்ததே அவ்வுயர்வுக்குக் காரணம். விளைச்சலில் பெரும்பகுதி முன்கூட்டியே பழைய விலைக்கு விற்கப்பட்டிருந்தமையால், உயர்வின் முழுப் பயன் உழவரை அடையவில்லை. விலை வீழும்போது இழப்பு உழவருக்கு. உயரும்போது ஆதாயம் பிறருக்கு. இதனை நேர்மையான சந்தை என்று எங்ஙனம் கூறுவது?

2019இல் இவ்விரு நாடுகளும் ஒன்றுகூடி, உழவர் நலனுக்காக டன் ஒன்றுக்கு 400 டாலர் கூடுதலாகத் தரவேண்டும் என்று அறிவித்தன. இது போற்றத்தக்க முயற்சி. எனினும், அந்நாட்டு விதைகளுக்கென வழங்கப்பட்டு வந்த வேறொரு கூடுதல் தொகை பின்னர்ச் சரிந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டது போலாயிற்று. விற்பவர் பலராய்ச் சிதறியும் வாங்குபவர் சிலராய்த் திரண்டும் இருக்கும்வரை இந்நிலை மாறுவது அரிது.

அண்மையில் ஒரு சான்று

மாற்றுவழி இல்லையா? நம் நாட்டிலேயே உண்டு. கர்நாடகத்திலும் கேரளத்திலும் பாக்குத் தோட்டங்களில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அப்பகுதி விவசாயிகள் 1973இல் மங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு கேம்ப்கோ என்னும் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னர்க் கோகோ விலை சரிந்து தனியார் கொள்முதல் தளர்ந்தபோது, அந்நிறுவனம் முன்வந்து விதைகளை வாங்கியது. அத்துடன் நில்லாமல் 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் தொழிற்சாலையும் நிறுவியது. விதையை விற்றவர்களே சாக்லேட்டையும் விற்கலாயினர்.

ஆலை எங்கே இருக்கிறது என்பதோடு, அது யாருக்கு உரியது என்பதும் இங்கே கருதத்தக்கது. ஐவரி கோஸ்டிலும் கோகோ அரைக்கும் ஆலைகள் இன்று உள்ளன. அவற்றுள் பல வெளிநாட்டு நிறுவனங்களின் உடைமை. ஆகவே, விளைகின்ற நாட்டிலேயே பண்டமாக்குதல், அதில் விளைவிப்பவருக்கும் உரிமை இருத்தல், அவர் வாழ்வதற்குப் போதிய குறைந்தபட்ச விலையை வாங்கும் நாடுகளும் சட்டத்தால் உறுதி செய்தல் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதே என் கருத்து.

இதனால் சாக்லேட்டின் விலை ஏறாதா எனலாம். கணக்கிட்டுப் பாருங்கள். உழவரின் பங்கு 6 ரூபாயிலிருந்து 12 ரூபாயாக இரட்டித்து, அச்சுமை முழுவதும் நம்மீதே விழுந்தாலும், 100 ரூபாய்ப் பண்டம் 106 ரூபாய் ஆகும், அவ்வளவே. நமக்குச் சிறிய அத்தொகை ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப உதவும்.

நடுவுநிலைமை

வறிய நாடுகளுக்குச் செல்வ நாடுகள் உதவித்தொகை வழங்குகின்றன. பசித்தவருக்கு அது தேவையே. ஆயினும் உரிய விலையைக் கொடுக்காமல், பின்னர் அதில் ஒரு சிறு பகுதியை நன்கொடையாக நீட்டுவது அறமாகாது. திருவள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை ஈகை என்னும் அதிகாரத்தில் கூறாமல், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் கூறியிருப்பது நாம் எண்ணத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் மதித்தலே வணிகம் என்பது அவர் கொள்கை.

உழைத்தும் ஊரில் வாழ வழியின்றி வேற்றூர் செல்வோரின் துயரம், தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுள் பல அறிந்ததே. ஆகவே, ஒரு பொருளின் விலை என்ன என்று கேட்கும்போது, அதில் விளைவித்தவர் பங்கு எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். வாங்குவோர் பலரும் அதனைக் கேட்கத் தொடங்கினால், விற்போரும் ஆள்வோரும் விடை கூறியே ஆகவேண்டும்.