பதவி ஓர் அமானிதம்: ரூத் டிரைஃபுஸின் பொதுவாழ்வு



"அரசியல் நமக்கெதற்கு? பெரும்பான்மையினரின் வாக்கே முடிவு செய்யும் இடத்தில் நம் குரல் எடுபடுமா?" என்னும் கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. விடை தேடுவோர் சுவிட்சர்லாந்தின் ரூத் டிரைஃபுஸ் அம்மையாரின் பொதுவாழ்வை நோக்குவது நலம். அவர் நம் மார்க்கத்தினர் அல்லர். 1940இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் நன்மை யாரிடம் காணப்படினும் அதனை ஒப்புக்கொள்வதே நீதியாகும்.

அந்நாட்டில் யூதர்கள் விரும்பிய ஊரில் குடியேறும் உரிமையை 1866இல்தான் பெற்றனர். குடிமக்கள் கையொப்பம் திரட்டி அரசியலமைப்பைத் திருத்தும் முறை வந்தபின், 1893இல் அவ்வழியே நடந்த முதல் வாக்கெடுப்பு எதற்காகத் தெரியுமா? பிராணிகளை மயக்கமுறச் செய்யாமல் அறுப்பதைத் தடை செய்வதற்காக. பிராணிகள் மீதான இரக்கம் காரணமாகக் கூறப்பட்டது. யூதர் மீதான வெறுப்பும் உடன் கலந்திருந்தது. அத்தடை இன்றும் நீடித்து, அங்கு வாழும் முஸ்லிம்களையும் கட்டுப்படுத்துகிறது. 2009இல் புதிய மினாராக்கள் எழுப்புவதைத் தடுத்ததும் அதே வழிமுறைதான்.

அந்த 1893க்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1993 மார்ச் 10 அன்று, எழுவர் கொண்ட கூட்டாட்சி அமைச்சரவைக்கு டிரைஃபுஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பு, அவருடைய கட்சி முன்னிறுத்திய பெண் வேட்பாளரை ஒதுக்கிவிட்டு, நாடாளுமன்றம் ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்திருந்தது. பெண்கள் வீதியில் திரண்டனர். தேர்வானவர் பதவியை ஏற்க மறுத்தார். அதன் பின்னரே, தொழிற்சங்கக் கூட்டமைப்பில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த டிரைஃபுஸுக்கு அவ்விடம் கிடைத்தது. அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் யூதர் அவரே. 1999இல் ஓராண்டுக் குடியரசுத் தலைவர் பொறுப்பையும் ஏற்று, அப்பொறுப்பில் அமர்ந்த முதல் பெண்மணியானார். பெண்களுக்குத் தேசிய வாக்குரிமையே 1971இல்தான் கிடைத்த நாடு அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கிடைத்த பதவியை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நமக்கு முக்கியம். மருத்துவமும் சமூகக் காப்பீடும் அவருடைய துறையில் அடங்கியிருந்தன. முன்னவர் காலத்தில் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை மக்கள்முன் வாதாடி, 1994 வாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் வெற்றி கண்டார். 1996 முதல் அடிப்படைக் காப்பீடு அனைவருக்கும் கட்டாயமானது. நோயாளி என்றோ முதியவர் என்றோ கூறி எவரையும் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இயலாது. கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்ததால் அவர் கடும் விமர்சனத்திற்கும் உள்ளானார். அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பேறுகாலக் காப்பீட்டிலோ அவர் தோற்றார். 1945 முதல் அரசியலமைப்பில் வெறும் வாக்குறுதியாகக் கிடந்த அதனைச் சட்டமாக்க முயன்றபோது, அவர் தலைவராயிருந்த 1999இலேயே மக்கள் நிராகரித்தனர். 2002 இறுதியில் பதவியை விட்டு விலகினார். ஈராண்டுகள் கழித்து, 2004இல், வேறொரு வடிவில் அத்திட்டத்தை அதே மக்கள் ஏற்றனர். வேலைக்குச் செல்லும் தாய்மார்க்கு 14 வாரங்கள், ஊதியத்தில் 80 விழுக்காடு. கனி பழுத்தபோது, அதற்காகப் பாடுபட்டவர் பதவியில் இல்லை.

இதில் நமக்குப் பாடம் உண்டு. வாக்குச்சீட்டு சிறுபான்மையினரைக் காயப்படுத்தவும் கூடும். அதற்காக நாம் ஒதுங்கிக்கொண்டால், அந்தக் காயத்தைப் பற்றிப் பேசவும் ஆளிருக்காது. பொறுப்புக்கு வந்தவர் தம் சமூகத்திற்கு மட்டுமன்றி, நோயாளிக்கும் தாய்க்கும் முதியவர்க்கும் உரியவராகும்போதுதான் பிறருடைய நம்பிக்கையைப் பெறுகிறார். பதவி அமானிதம் என்று நாம் சொல்வதன் பொருளும் இதுவே. உழைப்பது நம் கடமை; பலன் எப்போது, எவர் கையால் வரும் என்பது இறைவனின் நாட்டம்.

ஆகவே, பொதுப்பணியில் ஆர்வங்கொள்ளும் நம் மகனையோ மகளையோ "உனக்கெதற்கு" என்று தடுக்காதிருப்போம். நீதியின் பக்கம் நிற்கும் துணிவையும், தோற்றாலும் தளராத பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் சந்ததியினர்க்கு அருள்வானாக. ஆமீன்.