சிமெண்ட் படகு என்றால் ஏன் சிரிக்கிறீர்கள்?



அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் கான்கிரீட்டில் படகு வார்த்து, தாங்களே துடுப்புப் போட்டுப் பந்தயம் விடும் வீடியோவைப் போன வாரம் பகிர்ந்தேன். "தண்ணியே இல்லாத ஊருக்குப் படகு எதுக்கு சார்?" என்று ஒருவன். "சிமெண்ட் மிதக்குமா மாமா?" என்று இன்னொருவர். இவர் சிவில் இன்ஜினியர் வேறு!

மிதக்கும். இரும்புக் கப்பல் மிதக்கவில்லையா? தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கினால் எதுவும் மிதக்கும். பிரான்சில் லாம்போ என்பவர் 1848-லேயே கம்பி வலையில் சிமெண்ட் பூசிப் படகு செய்துவிட்டார். அமெரிக்காவில் இலினாய், பர்டியூ பல்கலைக்கழகப் பிள்ளைகள் 1971-ல் மோதினார்கள். 1988 முதல் அது தேசியப் போட்டி. அதில் ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. படகு நிறையத் தண்ணீரை விட்டு அமுக்குவார்கள். அது தானாக மேலே வர வேண்டும். சாதாரணக் கான்கிரீட் ஒரு கனமீட்டர் சுமார் 2400 கிலோ, தண்ணீர் 1000. அதனால் ஜல்லியை எடுத்துவிட்டு லேசான பொருளைப் போட்டுக் கலவையையே மாற்றுகிறார்கள். நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் உள்ளீடற்ற நுண்மணிகளும் அதற்கு உதவும்.

சாம்பல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் இருக்கிறது. சிமெண்ட் ஆலை ஆர்.ஆர். நகரிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பிடித்தால் கண்மாயிலும் தண்ணீர். பிறகென்ன?

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கடைசி வருட புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அறிக்கை பைண்டிங்கோடு வந்துவிடும். கையில் சிமெண்ட் தூசிகூடப் படாது. "மார்க் வந்தா சரி" என்று பணம் எடுத்துக் கொடுப்பது நாம்தானே!

இதை நான் சும்மா விடமுடியாததற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த பலரின் அப்பா, அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள். மருந்து கலக்கும் அறையில் அளவு தப்பினால், லேசாக உராய்ந்தால், ஆளே மிஞ்சாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அன்று ஆசிரியர் தினம், மறக்க முடியவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இன்ஜினியரிங் படிக்க வரும் பிள்ளைக்கு, கலவை தப்பினால் சட்டை மட்டும் நனைகிற இடம் ஒன்று வேண்டாமா? கல்லூரியில் தப்பவிடாமல் வைத்திருந்து, முதல் தப்பை நேரே பாலத்தில் செய்யட்டும் என்கிறீர்களா?

சிவில் துறையில் பேராசிரியராக இருக்கும் என் மாணவர்களே, இந்த வருடம் ஒரே ஒரு அணி போடுங்கள். பத்துப் பேர் போதும், பெண் பிள்ளைகளை அறிக்கை எழுத மட்டும் உட்கார வைக்காதீர்கள். புரட்டாசியில் வார்த்து, 28 நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து, கார்த்திகையில் கண்மாயில் இறக்குங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அச்சுக்கான பலகைச் செலவு என் பென்ஷனில். லைக் போட வேண்டாம், போன் பண்ணுங்கள்.