வீட்டுக்கடனுக்கு முன் குழுக்கடனைப் பாருங்கள்

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். கூலி வாங்க வரும் அக்காக்கள், "தம்பி, வீட்டு லோன் கிடைக்குமா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "குழுக்கடனை எப்படி முடிச்சீங்க?"

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்குத் தடை போட்டது. ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கூலி நின்றது, தவணையும் நின்றது. பிறகு 'கொஞ்சம் குறைச்சுக் கட்டுங்க, முடிச்சிரலாம்' என்ற பேச்சை நம்பிச் சிலர் கட்டினார்கள். கடன் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று நிற்கும். முழுக்கக் கட்டினால்தான் 'குளோஸ்டு'. முதல் சொல்லைப் பார்த்தாலே வங்கி மேலாளர் ஃபைலை ஓரமாக வைத்துவிடுவார். மீதியைக் கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, பதிவை மாற்றச் சொல்லுங்கள். வீட்டுக்கடன் மனுவெல்லாம் அதற்குப் பிறகு.

சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். தப்பிருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் ஆலை மூடியதால் கட்ட முடியாதவரும், கையில் வைத்துக்கொண்டே கட்டாதவரும் அந்த ஸ்கோரில் 300-க்கும் 900-க்கும் நடுவே ஒரே எண்ணாகிப்போவது அநியாயம். இந்த வட்டாரத்து வங்கிகள் கூலிப் பதிவேட்டையும் பி.எஃப். கணக்கையும் சேர்த்துப் பார்த்துக் கடன் கொடுக்க வேண்டும்.