ஓங்கிலின் ஆறும் உல்லாசக் கலமும்

ஆற்றின் வழியே கலமேறிச் சென்று நாடு காண்பது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 14-ஆம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, சில்ஹெட் பகுதியில் ஷெய்கு ஜலாலுத்தீன் அவர்களைக் கண்டபின், 15 நாட்கள் ஆற்றிலேயே பயணம் செய்து சோனார்கானை அடைந்தார். இரு கரையிலும் ஊர்களும் தோட்டங்களும் இடையறாது வந்தமையால் கடைவீதியினூடே செல்வது போலிருந்தது என்கிறார். கலந்தோறும் ஒரு முரசு உண்டு. இரு கலங்கள் எதிர்ப்படின் முரசறைந்து முகமன் கூறிக்கொள்ளும். அவ்வாற்றில் ஃபக்கீர்களிடம் கூலி பெறலாகாது என்று சுல்தான் ஃபக்ருத்தீன் ஆணையிட்டிருந்ததையும் அவர் எழுதத் தவறவில்லை.

அதே வங்கத்து நீர்வழிகளைத் தொட்டுச் சென்றது ‘கங்கா விலாஸ்’ என்னும் சிறு கப்பல். 2023 ஜனவரி 13-இல் வாரணாசியில் தொடங்கிய அதன் முதற்பயணம், வங்கதேசம் வழியாக ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கடந்து, பிப்ரவரி 28-இல் அசாமின் திப்ருகரில் நிறைவுற்றது. 18 அறைகள், 36 பயணிகள், மூன்று தளங்கள். கலத்தினுள் உடற்பயிற்சிக் கூடம் முதலிய வசதிகள். கரையிறங்கினால் சுந்தரவனத்து அலையாத்திக் காடு, காசிரங்காவின் காண்டாமிருகம், மாஜுலித் தீவு. கட்டணமோ பல இலட்சம். (கூலி கேளாத கலத்தை இக்காலத்தில் எவரும் எதிர்பார்க்கவில்லை!)

இது செல்வர்தம் கேளிக்கை என்று ஒதுக்குவாரோடு நாம் உடன்படவில்லை. ஆற்றை அறிய ஆற்றில் செல்வதே நல்வழி. ஆயினும், ‘கலம் சிறிது, ஆகவே இயற்கைக்குத் தீங்கில்லை’ என்னும் வாதத்தை நாம் ஏற்கவியலாது.

கங்கையில் வாழும் ஓங்கிலை, அதாவது டால்பினை, எண்ணிப் பார்ப்போம். 2009-இல் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது அது. அதன் கண்ணில் வில்லை இல்லை. ஒளி உண்டா இல்லையா என்பதற்கு மேல் அதனால் காணவியலாது. கலங்கல் நீரில் கண்ணிருந்தும் பெரும் பயனில்லை. தான் எழுப்பும் நுண்ணொலி மீனில் பட்டு மீள்வதைக் கேட்டே அது இரை தேடுகிறது, வழி அறிகிறது. செவியே அதற்குக் கண். அந்த ஆற்றில் பொறியின் இரைச்சலை நிறைப்பது, நம் வீதியில் எந்நேரமும் புழுதி கிளப்புவதற்கு நிகர். கலங்களின் இரைச்சல் மிகும்போது இவ்வுயிர் தன் ஒலிமுறையையே மாற்றிக்கொள்ள நேர்வதையும், நீர் வற்றிய காலத்தில் அதன் உடற்சுமை மேலும் கூடுவதையும் 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. 2025-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நம் நாட்டு ஆறுகளில் உள்ள ஓங்கில்கள் 6,327 மட்டுமே.

இரைச்சல் முழுவதும் சுற்றுலாக் கலத்தினுடையது அன்று. சரக்குக் கலங்களும் ஆழப்படுத்தும் இயந்திரங்களும் உள. எனினும் சரக்குக் கலம் இயற்கையைக் காட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் பெறுவதில்லை. காட்டுவதாகச் சொல்பவருக்குப் பொறுப்பு மிகுதி.

பீகாரில் சுல்தான்கஞ்சுக்கும் கஹல்காவுக்கும் இடைப்பட்ட கங்கை, 1991 முதல் விக்ரமசிலா ஓங்கில் சரணாலயமாக உள்ளது. அப்பகுதியில் கலங்கள் வேகம் தணிந்து செல்லவேண்டும். ஓங்கிலைக் காண விழைவோரைத் துடுப்புப் படகில் இறக்கவேண்டும். துடுப்பைப் பிடிப்பவர் அவ்வூர் மீனவராக இருக்கவேண்டும் என்பது நம் கருத்து. எந்த மடுவில் எப்பருவத்தில் ஓங்கில் மூச்செடுக்க மேலெழும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் அவர். வெளியூரிலிருந்து வரும் வழிகாட்டிக்கு அளிக்கும் ஊதியத்தை அவருக்கும் அளிப்பதில் என்ன தடை?

இஃது இயலாத ஒன்றன்று. அந்த முதற்பயணத்திலேயே, சாப்ரா அருகே கப்பல் கரையை நெருங்கவியலாமல் நடுவாற்றில் நின்றது. பயணிகள் சிறு படகுகளில் சென்று சிராந்தின் புதிய கற்காலத் தொல்லிடத்தைக் கண்டு திரும்பினர். அங்கே நீரின் ஆழம் குறைந்ததால் செய்ததை, சுல்தான்கஞ்சில் ஓங்கிலின் பொருட்டுச் செய்யலாம். பயணத்தில் ஒரு நாள் கூடுதலாகும்.